ஒன்பது சதவீதத்தில் ஒரு வாக்கெடுப்பு

மின்சாரப் பேருந்தின் திரையில் பேட்டரி ஒன்பது சதவீதம் என்று காட்டியபோது ஓட்டுநர் மணியைப் பார்த்தார். டிப்போவுக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர், இடையில் ஒரு மேம்பாலம் வேறு. ஏசியை அணைத்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். வழியில் நின்றுவிட்டாலோ, இழுவை வண்டி வரும்வரை ஓட்டுநர் நகரக் கூடாது என்பது விதி.

ஐந்து மணிக்குக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியை அழைத்துப்போக வேண்டும். போன தடவை, முதல் கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தபோது, பக்கத்து வீட்டுக்காரிதான் கூட்டிவந்தாள். மனைவி அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தல்.

"ஏசியை நிறுத்திடவா?" என்று கண்டக்டரைக் கேட்டார்.

கண்டக்டர் சட்டம் பேசுவதில் மன்னன். "ஏசி டிக்கெட் குடுத்திருக்கோம்ணே. பயணிங்க சம்மதம் இல்லாம நிறுத்தினா புகார் வரும். கையத் தூக்கச் சொல்றேன்."

அடுத்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, கண்டக்டர் கோரிக்கை வைத்தார். யாரும் கையைத் தூக்கவில்லை, வாயைத் திறந்தார்கள்.

டை கட்டிய ஒருவர் எழுந்து தொண்டையைச் செருமினார். எரிசக்தி பற்றி மூன்று மாநாடுகளில் பேசியவராம், அவரே சொன்னார். "பிரச்சினை ஏசி இல்ல சார். நம்ம மனநிலை."

"டீசல் வண்டியா இருந்தா இந்நேரம் வீட்ல இருந்திருப்போம்" என்றான் பின்சீட்டு இளைஞன். அதற்குள் போனை உயர்த்தி நேரலையையும் ஆரம்பித்திருந்தான். போன் பேருந்தின் ப்ளக்கில்தான் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"புகையக் குடிச்சே சாவுங்க!" என்று முன்னாலிருந்து ஒரு குரல்.

"உங்க கரண்ட் மட்டும் வானத்துலேர்ந்தா குதிக்குது? நிலக்கரி சார், நிலக்கரி!"

"ஐயா, கை... கையை மட்டும் தூக்குங்க" என்று கெஞ்சினார் கண்டக்டர். எண்ணி முடிப்பதற்குள் நாலு பேர் இறங்கி ஆறு பேர் ஏறினார்கள். அவர்களுக்கு மறுபடி முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. இரண்டு கதவும் ஆவென்று திறந்து கிடக்க, ஏசி தெருவுக்கே குளிரூட்டியது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

கடைசியில் ஏகமனதாக, நிறுத்தலாம் என்று முடிவாயிற்று. டைக்காரர் கைதட்டினார். திரையில் நான்கு.

மேம்பாலத்தில் பாதி ஏறியதும் வண்டி உயிரை விட்டது. எல்லோரும் விவாதித்தபடியே இறங்கி நடந்தார்கள். பின்சீட்டு இளைஞன் மட்டும் திரும்பி வந்தான். "அண்ணே, ப்ளக் வேலை செய்யலியே?"

"அதுக்கும் ஓட்டெடுப்பு வச்சிடலாமா தம்பி?"

மனைவியின் அழைப்பு வந்தது. ஓட்டுநர் எடுத்தார்.

"கெளம்பிட்டேன்னு புளுகாதீங்க. பக்கத்து பெட்டுக்காரம்மா போன்ல உங்க பஸ்ஸ லைவாப் பாத்தேன். நீங்க சாப்பிடலேன்னு ஒத்தக் கண்ணுக்கே தெரியுது."

"நீ போன் பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே..."

"ஊரே பாக்குது. நான் பாக்கக் கூடாதா?"

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பழைய டீசல் பேருந்து இருமிக்கொண்டே பாலம் ஏறி அருகில் நின்றது. கறுப்புக் கண்ணாடியோடு அவள் இறங்கினாள். அவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் தன் வண்டியில் ஏற்றி, முன்சீட்டில் உட்கார வைத்தார். இந்தத் தடவையும் தன்னால் வர முடியவில்லை என்று சொல்ல வாயெடுத்தார்.

"இழுக்கிற வண்டி எப்ப வரும்?" என்றாள் அவள்.

"சொல்லியிருக்காங்க."

"அதுவும் கரண்ட்டா?"

"டீசல்."

"நல்லவேளை."

"மெதுவாப் பேசு" என்றார் அவர். பாலத்தடியில் டைக்காரரின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.