காச்சிலுக்கு வைத்த பேர்

அடுத்த வீட்டுக்காரி மேல் பொறாமை வந்தால் நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். பூங்கனிக்கு வந்தது கட்டின புருஷன் மேல். அதை யாரிடம் போய்ச் சொல்ல?

சிதறாலுக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். தை மாதம் சர்ச் பள்ளிக்கூட மைதானத்தில் விவசாயக் கண்காட்சி நடக்கும். வாழைக்குலை, சேனை, நல்லமிளகு, ஆடு, கோழி எல்லாம் வரும். பரிசு என்னவோ ஒரு மண்வெட்டியும் பொன்னாடையும்தான். ஆனால் ஜெயித்தவர் எப்படி வளர்த்தேன் என்று மைக்கில் சொல்ல வேண்டும். பிறகு கேட்கிறவர்களுக்கெல்லாம் அதிலிருந்து விதைக்கு ஒரு துண்டு கொடுக்க வேண்டும். அன்று முதல் அந்தப் பயிர் ஊருக்குள் ஜெயித்தவர் பேரில்தான் புழங்கும். ஒரு தடவை ஜெயித்த சூசை செத்து எத்தனையோ வருஷமாகிறது. இன்றைக்கும் அங்கே மரச்சீனிக் கிழங்கு என்றால் சூசை மரச்சீனிதான். மீன்குழம்பு கொதிக்கிற வீட்டிலெல்லாம் மனுஷன் பேர் அடிபடுகிறது. எலெக்‌ஷனில் ஜெயித்துப் போனவர்களுக்குக்கூட அந்த யோகம் வாய்த்ததில்லை.

பூங்கனிக்குத் தன் பேரும் அப்படி நிலைக்க வேண்டும் என்று ஆசை. சிரிப்பார்கள் என்று வெளியே சொன்னதில்லை. பதினெட்டு வருஷம் புருஷன் குமாரதாஸ் சவுதியில் கிடந்தபோது தோட்டத்தைப் பார்த்தது அவள்தான். இந்த வருஷம் அயனி மரத்தில் படரவிட்ட காச்சில் கொடியின் கிழங்கைத் தோண்டி எடுக்க மூன்று ஆள் வேண்டியிருந்தது. மைதானத்தில் இறக்கியதுமே கூட்டம் கூடிவிட்டது. இந்தத் தடவை தப்பாது என்று நினைத்தாள்.

கெடுத்தது குமாரதாஸ். கெட்ட எண்ணம் எதுவும் அவனுக்குக் கிடையாது, அதுதான் இன்னும் எரிச்சல். ஆடியில் ஒரேயடியாகத் திரும்பி வந்தவன், தை பிறப்பதற்குள் ஊர் முழுக்க வேண்டியவனாகிவிட்டான். அவன் கதை கேட்க டீக்கடையில் பெஞ்சு பற்றாது. அவள் வைத்த வாழையைப் பார்த்துவிட்டு, குமாரதாஸ் வந்த பிறகு தோட்டம் என்னமாக இருக்கிறது என்றார்கள். அவன் வரும்போதே அந்த வாழை குலை தள்ளியிருந்தது. அதை அவனும் சொல்லவில்லை, அவளையும் யாரும் கேட்கவில்லை.

கண்காட்சியில் பேர் பதிகிற டெனிஷ், அத்தர் மணக்க நின்ற குமாரதாசைப் பார்த்ததும் அவன் பேரையே எழுதிக்கொண்டான். பூங்கனி பக்கத்தில்தான் நின்றாள். புருஷன் திருத்துவான் என்று பார்த்தாள். அவனோ டெனிஷின் அப்பாவுக்குச் சுகம் எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

முதல் பரிசு குமாரதாஸ் என்று மைக்கில் சொன்னதும் மைதானமே கைதட்டியது. அவன் வாயெல்லாம் பல்லாக மேடை ஏறினான். பொன்னாடை அவன் தோளில் விழுந்தபோது, ஓடிப்போய் அதைப் பிடுங்கலாமா என்றிருந்தது அவளுக்கு. இனி தன் அடுப்பிலேயே குமாரதாஸ் காச்சில் என்று சொல்லித்தான் அவிக்க வேண்டும். பக்கத்தில் நின்றவள், நீ கொடுத்து வைத்தவள் என்றாள். பூங்கனி வாயைத் திறந்திருந்தால் நல்ல வார்த்தையாக வந்திருக்காது.

அவன் பேச ஆரம்பித்தான். மண் வேண்டும், தண்ணீர் வேண்டும், உழைப்பு வேண்டும் என்றான். எந்த விஷயத்தைப் பற்றியும் அப்படிப் பேசத் தெரிந்தவன். நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த வேளாண்மை அதிகாரியம்மா, எந்த மாதம் நட்டீர்கள் என்று கேட்டார்.

காச்சில் நடுவது மாசியில். அது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குமாரதாசும் தயங்காமல் மாசி என்றான்.

முன்வரிசையில் இருந்த ரசலையன் எழுந்தார். அவர் அடுத்த தோட்டத்துக்காரர். "ஏலே குமாரதாஸ், மாசியில நீ சவுதியிலல்லியா கெடந்த? அங்க நட்ட காச்சிலு இஞ்ச வந்து முளைச்சுதா?"

மைதானம் சிரித்து ஓய நேரமாயிற்று. குமாரதாசும் சிரித்தான், ஆனால் முகம் வெளிறிவிட்டது. நல்லா வேணும் என்று நினைத்தாள் பூங்கனி. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கட்டும் என்றும் நினைத்தாள்.

அவன் கண் கூட்டத்தில் அவளைத் தேடிப் பிடித்தது. "ஏட்டி பூங்கனி, இஞ்ச ஏறி வா. இது நீ வச்சதுல்லா. நீதான் சொல்லணும்."

மைக்கில் அவள் பேர். அதுவும் இவன் வாயிலிருந்துதான் வர வேண்டுமா என்று அப்போதும் ஒரு பொருமல் இருந்தது. என்றாலும் ஏறினாள். பொன்னாடையை அவனே கழற்றி அவளுக்குப் போர்த்தினான். குழி எடுத்ததிலிருந்து தொடங்கினாள் அவள். சருகும் சாணமும் சாம்பலும் போட்டு மூடியதை, மழை பிந்தியபோது மீன் கழுவிய தண்ணீர் ஊற்றியதை, பன்றி கிளறாமல் முள் அடைத்ததை, எல்லாம் சொன்னாள். கூட்டம் அசையாமல் கேட்டது. டெனிஷ் மைக்கை வாங்கி, முதல் பரிசு பூங்கனி என்று திருத்திச் சொன்னான். கைதட்டல் புருஷனுக்குக் கிடைத்ததைவிடப் பலமாக இருந்தது. அவள் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் செய்தாள்.

விதைத் துண்டு வாங்க வரிசை மைதானத்தின் வாசல்வரை நீண்டது. குமாரதாஸ் கிழங்கை வெட்ட, அவள் துண்டுகளைச் சாம்பலில் புரட்டி எடுத்து வைத்தாள். ஒரு துண்டு ஒரு வீடு. இனி அந்த வீடுகளிலெல்லாம் பூங்கனி காச்சில் வேகும். நெஞ்சு குளிர்ந்துபோய், வெயிலில் நிற்காமல் நிழலுக்கு நகர்ந்து நின்று வெட்டுங்கள் என்று புருஷனிடம் பரிவாகக்கூடச் சொன்னாள்.

வரிசையில் முதல் ஆள் ரசலையனின் மகள் பெபிஷா. பையை விரித்துப் பிடித்தாள். "அக்கா, அந்த சவுதிக் காச்சில்ல எனக்கு ஒரு துண்டு."

பூங்கனி நிமிர்ந்து பார்த்தாள். பெபிஷாவுக்குப் பின்னால் நின்றவரும் சவுதிக் காச்சில்தான் கேட்டார். அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணும் அப்படியே. யார் முகத்திலும் கேலி இல்லை. பேர் தெரிந்த ஒரு சாமானைக் கடையில் கேட்கிற மாதிரி கேட்டார்கள்.

புருஷனைப் பதினெட்டு வருஷம் வைத்திருந்தது போதாதென்று, இப்போது காச்சிலையும் சவுதி கொண்டுபோய்விட்டது. அவள் அந்த ஊரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.