தலைவியை உட்காரச் சொன்னவள்

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல. திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண், "தலைவியவே உக்காரச் சொல்லிப்புட்டா!" என்று யாரிடமோ சிரித்தாள். இறங்கும்வரை காது கொடுத்தேன்.

'வெடித்துக் கிடந்த கரிசல் மண்ணில், வானத்தையே பார்த்தபடி...'

வேண்டாம். அவள் சொன்ன ஊர்க் கூட்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2

யுவராணி ஊர்க் கண்மாய்க் குழுவின் தலைவி. வீட்டுக்கு ஒருவர் உறுப்பினர். முன்பெல்லாம் யார் குரல் பெரிதோ அவர் சொன்னதே முடிவு. அவள் வந்ததும் விதி போட்டாள்: கை தூக்கிவிட்டுத்தான் பேச வேண்டும், ஆளுக்கு மூன்று நிமிடம், கடைசியில் ஓட்டு. (இதையெல்லாம் எங்கே கற்றாள் என்று தெரியவில்லை. நானும் கற்பனை செய்யப் போவதில்லை.)

மார்கழிக் கடைசி. கண்மாயில் கொஞ்சம்தான் தண்ணீர். நெல்லுக்கு ஒரு தடவை பாய்ச்சினால், கோடையில் ஆடுமாடு குடிக்க மிஞ்சாது. மடையைத் திறக்கச் சொல்லி, நெல் போட்டிருந்த கருத்தப்பாண்டி தீர்மானம் கொண்டுவந்தார்.

யுவராணிக்கும் இரண்டு ஏக்கர் காய்ந்துகொண்டிருந்தது. எழுந்தாள்.

"எனக்கும் வயலு இருக்கு. நான் இதுல பேசணும். பக்கம் சேந்து பேசுறவ நாற்காலியில இருக்கக் கூடாது."

தன் நாற்காலியில் உட்கார முத்துப்பேச்சியை அழைத்தாள். நிலமும் கிடையாது, ஆடும் கிடையாது, களையெடுத்துப் பிழைப்பவள்.

"எனக்கு என்ன மதினி தெரியும்?"

"எல்லாருக்கும் ஒரே அளவு நேரம் குடு. அது போதும்."

3

(இங்கே முத்துப்பேச்சியை நடுங்கவைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவள் நடுங்கவில்லை. அடித்துவிட்டேன்.)

ஆட்டுக்கார இருளாண்டி பேசும்போது கருத்தப்பாண்டி குறுக்கே பாய்ந்தார். "ஏலே, ஒனக்கு நெல்லப் பத்தி..."

"மாமா, அவுக முடிக்கட்டும். ஒங்களுக்கும் நேரம் தாரேன்" என்றாள் முத்துப்பேச்சி.

சொன்னபடியே தந்தாள். பிறகு யுவராணி எழுந்தாள்.

"கதிரு பால் புடிக்கிற நேரம். ஒரு தண்ணி போதும். இல்லாட்டி அம்புட்டும் பதருதான். ராப்பகலா..."

"மதினி, மூணு நிமிசம் ஆச்சு."

"இன்னும் ரெண்டே வார்த்த..."

"உக்காருங்க மதினி."

யுவராணிக்கு முகம் சுட்டது. நேற்றுவரை இந்த வார்த்தையை மற்றவர்களிடம் எத்தனை சுலபமாகச் சொல்லியிருக்கிறாள்! உட்கார்ந்தாள்.

4

திறக்கச் சொல்லிப் பத்தொன்பது கை. வேண்டாம் என்று இருபத்தொன்று. தீர்மானம் தோற்றது.

மறுநாளே மழை கொட்டியதாக ஒரு முடிவு எழுதினேன். கருத்தப்பாண்டி மடையை உடைத்ததாக இன்னொன்று. இரண்டையும் கிழித்தேன். மழை வரவில்லை, மடையை யாரும் தொடவுமில்லை. யுவராணியின் நெல்லில் பாதி பதராயிற்று. சித்திரையில் ஆடுகள் கண்மாயில் இறங்கிக் குடித்தன.

ஆனால் அன்றைய கூட்டம் இன்னும் முடியவில்லை.

"இத எப்படி மதினி முடிக்கிறது?" என்றாள் முத்துப்பேச்சி.

"ஒருத்தர் முடிக்கலாம்னு சொல்லணும். இன்னொருத்தர் வழிமொழியணும்."

தோற்றுப்போன கருத்தப்பாண்டி கை தூக்கினார். முத்துப்பேச்சி தலையசைக்கும்வரை காத்திருந்தார். "முடிச்சுக்கிருவோம் தாயி."

வழிமொழிந்தது யார்? அதைக் கேட்பதற்குள் நான் பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டியிருந்தது. யுவராணியின் கையைத் தூக்கி எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அன்று தன் வயலுக்கான தண்ணீரை இழந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், இதையும் அவளிடமே கேட்க எனக்கு மனம் வரவில்லை. முத்துப்பேச்சி கூட்டத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறாள். படிக்கும் உங்களில் யாராவது கை தூக்குங்கள்.