அடிக்காத இரண்டாம் மணி

நீல எழுத்து. எங்கள் வேதக்கோயிலில், ஆல்டருக்குப் பின்சுவரில், வளைவாக, ஒரே ஒரு வார்த்தை. ஞாயிறு காலை வெயில் பக்கத்து ஜன்னல் வழியாக வந்து முதல் எழுத்தைத் தொடும். ஆராதனை முடியும்போது கடைசி எழுத்துக்கு நகர்ந்திருக்கும்.

இளைப்பாறுதல்.

பெனிட்டாவுக்கு அப்போது ஆறு வயது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய மாதம். பாதிப் பாட்டில் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, எனக்குத்தான் ஏற்கெனவே இளைப்பு இருக்கே. இயேசப்பா இன்னும் எதுக்கு இளைப்புத் தாராரு?”

எங்கள் பக்கத்தில் மூச்சிரைப்பை இளைப்பு என்றுதான் சொல்வோம். அவளுக்கு அது மூன்று வயதிலிருந்தே உண்டு. மழை பெய்தால் வரும். புகை பட்டால் வரும். தூசி பட்டால் கட்டாயம் வரும்.

முன் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் உடம்பு கோயிலில் இருந்தது. மனசு மில்லில் இருந்தது.

மில் வீட்டுக்குப் பின்னால். மிளகாய், மல்லி, மஞ்சள் அரைக்கிற மில். ஓர் இயந்திரத்தில் தொடங்கினேன். நான்கு வருடத்தில் மூன்று.

பாக்கெட்டின் மேல் என் மகளின் சிரித்த முகம். பெனிட்டா மசாலா. அந்த முகம் லாரியில் ஏறி மதுரைக்குப் போனது, சென்னைக்குப் போனது. முகத்துக்குச் சொந்தக்காரி வீட்டில் இருமிக்கொண்டிருந்தாள்.

சாயங்கால வெளிச்சத்தில் தூள் பறக்கும். சிவப்பாகப் பறக்கும், மஞ்சளாகப் பறக்கும். ஜன்னல் கம்பியில் படியும். தலையணையில் படியும். பார்க்க அழகாக இருக்கும். நான் அதை ஆசீர்வாதம் என்று நினைத்தேன்.

ஜெபிக்காமல் இல்லை. பெரிய ஆர்டர் வேண்டும் என்று ஜெபித்தேன். ஆர்டர் வந்தது. தூக்கம் போனது.

இயந்திரத்தை நிறுத்திய பிறகும் அது ஓடும். காதுக்குள் ஓடும். படுத்தால் ஓடும், சாப்பிட்டால் ஓடும், முழங்காலில் நின்றால் இன்னும் வேகமாக ஓடும்.

“மில்லுக்காவது ஞாயித்துக்கிழம லீவு உண்டு. ஒங்களுக்கு என்னைக்கு?” என்றாள் என் மனைவி சுகிர்தா.

அந்த ஐப்பசியில் மில்லுக்கும் லீவு போனது.

சென்னை ஆர்டர். திங்கள் காலை லாரி வந்துவிடும். சுகிர்தா தங்கையின் பிரசவத்துக்குத் துணையாகத் திருநெல்வேலி போயிருந்தாள். ஞாயிறு காலை பெனிட்டாவை, ஆராதனைக்கு முன்னால் கோயிலில் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் விட்டுவிட்டு, நான் திரும்பி வந்து இயந்திரத்தைப் போட்டேன்.

ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தேன். கோயிலுக்குப் போகிறவர்கள் பார்த்துவிடக் கூடாது. கடவுளுக்கும் அந்தப் பாதி ஷட்டர் போதும் என்று நினைத்தேனோ என்னவோ.

வெளியே மழை. உள்ளே மூன்று இயந்திரம். எனக்கு இயந்திரம் மட்டும்தான் கேட்டது.

இங்கே சற்குணம் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் கோயில்பிள்ளை. கோயிலைப் பெருக்குவார், மெழுகுவர்த்தி ஏற்றுவார், மணி அடிப்பார். குடும்பம் இல்லை. கோயிலுக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. முப்பத்தொரு வருடமாக அதுதான் வீடு.

எங்கள் ஊர் அவர் மணியில்தான் ஓடும். விடியற்கால மணிக்கு அடுப்பு எரியும். ஞாயிறு முதல் மணிக்குக் குளிப்பார்கள். இரண்டாம் மணிக்குத்தான் கதவைப் பூட்டுவார்கள். கையில் கடிகாரம் கட்டியிருப்பவர்கள்கூட இரண்டாம் மணி கேட்காமல் வாசல்படி இறங்க மாட்டார்கள்.

அன்று இரண்டாம் மணி அடிக்கவில்லை.

ஊர் வீட்டில் காத்திருந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் காலி பெஞ்சுகளுக்கு முன்னால் நின்றார். கமிட்டிச் செயலாளர் ஜெயசிங் குடையோடு மணிக்கூண்டுக்கு ஓடினார். கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. பிடிக்க ஆள் இல்லை.

கரண்ட் போனது. என் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக முனகி நின்றன. அந்த அமைதியில்தான் போன் அடிப்பது கேட்டது. பதினோரு அழைப்பு. எல்லாம் தெரியாத ஒரே நம்பர்.

“ஆரம்ப சுகாதார நிலையத்துலேர்ந்து பேசுறோம். ஒங்க பிள்ள இங்க இருக்கா. பயப்படாதீங்க. இப்ப பரவாயில்ல.”

எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. மிளகாய்த் தூள் அப்பிய சட்டை. மழையில் அது சிவப்பாக வழிந்தது. வாசலில் நர்ஸ் என்னைத் தடுத்து நிறுத்தினாள்.

“இப்படியே உள்ள போகாதீங்க. சட்டையக் கழத்துங்க. ஒங்க அப்பா அந்தா உக்காந்திருக்காரு. பிள்ளைய எறக்கவே மாட்டேன்னுட்டாரு. படுக்க வச்சா மூச்சு முட்டும்னு, நெஞ்சோட நிமித்தியே வச்சித் தூக்கிட்டு வந்திருக்காரு. கொளத்துக்கரை வழியா. நடந்தே.”

என் அப்பா இறந்து ஒன்பது வருடம்.

வராந்தா ஓரத்தில் சற்குணம் அண்ணாச்சி வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டிருந்தார். கால் முழுக்கச் சேறு. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“மூச்சு சீராயிட்டு தம்பி. ஓய்வுநாள் பள்ளி விட்டு எல்லாரும் போன பொறவு, இவ மட்டும் கோயில் படியில மூச்சு இழுத்துக்கிட்டு கெடந்தா. போன் பண்ணிப் பாத்தோம், நீங்க எடுக்கல. மழைக்கு ஒரு ஆட்டோ கெடையாது.” பிறகு தலையைத் தொங்கப்போட்டார். “ரெண்டாம் மணிதான் அடிக்கல.”

உள்ளே பெனிட்டா முகத்தில் மாஸ்க். வெள்ளை ஆவி. அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஏறும். இறங்கும். இத்தனை வருடத்தில் நான் முழுதாகப் பார்த்து முடித்த ஒரே வேலை அதுதான்.

மதியம் மாஸ்க்கை எடுத்தார்கள். அவள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள்.

“அப்பா, இளைப்பு ஆறிட்டு.”

“ஆமாம்மா.”

“காப்பி ஆறுத மாதிரி.” அப்புறம் கண்ணை அகல விரித்தாள். “அப்பா! அந்த நீல எழுத்து! இயேசப்பா இளைப்புத் தரலப்பா. இளைப்ப ஆத்துதாரு!”

நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். வெளியே மழை விட்டிருந்தது. வயல் முழுக்கத் தண்ணீர். தண்ணீர் முழுக்க வானம்.

எனக்கும் இளைப்புதான் என்று அப்போது தெரிந்தது. நெஞ்சில் வராத இளைப்பு. ஓடி ஓடி, எங்கே ஓடுகிறோம் என்று மறந்த பிறகும் நிற்காத இளைப்பு.

ஆண்டவரே, இதையும் ஆற்றும். இவ்வளவுதான் கேட்டேன். எந்த ஆர்டரும் கேட்கவில்லை. மர ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, கட்டில் விளிம்பில் தலை வைத்துத் தூங்கிப்போனேன். காதுக்குள் ஒன்றும் ஓடவில்லை.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை.

புதன்கிழமை கமிட்டி கூடியது. நானும் அதில் ஓர் உறுப்பினர். சற்குணம் அண்ணாச்சி கதவருகே நின்றார்.

“என்னவே, மணிக்கயித்தப் பாத்துப் பாம்புன்னு பயந்துட்டீரா?” என்றார் ஜெயசிங். எல்லாரும் சிரித்தார்கள். “வந்த மனுசன் என்ன நெனைப்பாரு? ஊரு மானமே போச்சி. எங்க போனீரு, சொல்லும்.”

“தப்புதாங்கய்யா.”

“அது தெரியும். எங்க போனீரு?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்து மறுபடியும், “தப்புதாங்கய்யா” என்றார்.

நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். அவர் என் பிள்ளையைச் சுமந்து போனார். அந்த நேரம் நான் பாதி ஷட்டருக்குப் பின்னால் இருந்தேன். இரண்டே வாக்கியம்.

இன்னொரு தடவை மணி தவறினால் வேலை கிடையாது, அறையைக் காலி செய்துவிட வேண்டும். அப்படித் தீர்மானம் எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

வெட்கம் தாங்காமல் மறுநாளே அவர் அறைக்குப் போனேன். அவர் மெழுகுச் சொட்டுகளைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, ஞாயித்துக்கிழம சபையில எந்திரிச்சி எல்லாத்தையும் சொல்லிருதேன்.”

“சொல்லப்பிடாது.”

“நீங்க ஏன் அண்ணாச்சி எம் பழியச் சொமக்கணும்?”

“ஒம்ம பழிய யாருவே சொமந்தா?” அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “நீரு சொன்னா ஒரு வாரம் ஒம்மப் பேசுவானுவ. பொறவு பிள்ளையப் பிடிச்சிக்கிடுவானுவ. அப்பன் மெளகாய் அரைச்சிக்கிட்டு அம்போன்னு விட்ட பிள்ளன்னு. அவ கல்யாணத்துல வந்து சொல்லுவானுவ. நம்ம ஊர ஒமக்குத் தெரியாதா? நான் கெழவன். எனக்கு என்ன பேரு வந்தா என்ன? அந்தா, அந்த வாளியக் கொஞ்சம் நகத்தி வையும்.”

வாளியை நகர்த்தி வைத்தேன். அன்று அவர் என்னிடம் வாங்கிக்கொண்டது அந்த ஓர் உதவியைத்தான்.

மில்லை ஊருக்கு வெளியே கொண்டுபோனேன். ஒரே இயந்திரம். ஞாயிறு வேலை கிடையாது. சென்னை ஆர்டர் வேறு ஆளுக்குப் போயிற்று.

“ஆளு சறுக்கிட்டாரு” என்றார்கள் கடைத்தெருவில். என் காது படவே சொன்னார்கள். பெனிட்டா என் முதுகில் உப்புமூட்டை ஏறி, இரைக்காமல் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். சறுக்கினவன் இவ்வளவு லேசாக நடப்பானா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

இரவில் தூங்கினேன். விடியுமுன் தானாக விழித்தேன். வேப்பமரத்துக் குருவிகளுக்கு முன்னால் எழுந்து, கோயில் வளாகத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வருவது பழக்கமாயிற்று.

மூன்று வருடம் கழிந்தது. சற்குணம் அண்ணாச்சிக்கு மறதி வந்தது.

முதலில் சின்ன மறதி. ஏற்றின திரியை மறுபடி ஏற்றினார். பெருக்கின இடத்தை மறுபடி பெருக்கினார். ஒரு செவ்வாய்க்கிழமை என்னிடம், “ஞாயித்துக்கிழம ஏம்வே ஒருத்தரையும் காணும்?” என்று கேட்டார்.

அந்த மார்கழியில், ஒரு காலை, நான் வளாகத்தில் உட்கார்ந்திருந்தேன். விடியற்கால மணி அடிக்கும் ஐந்தரை ஆயிற்று. மணி அடிக்கவில்லை.

பனி. மணிக்கூண்டின் தலை தெரியவில்லை. அறைக்குப் போய்ப் பார்த்தேன். கதவு திறந்தே இருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். மப்ளர் கட்டியிருந்தார். சட்டைப் பொத்தான் போட்டிருந்தார். எழுந்து தயாராகி, எதற்குத் தயாரானோம் என்பதை மறந்து தூங்கிப்போயிருக்கிறார்.

எழுப்பலாம். எழுப்பினால் தெரிந்துவிடும், தவறிவிட்டது என்று. அந்த முகத்தில் அது விழுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கமிட்டி எழுதிய காகிதம் இன்னும் ஜெயசிங் வீட்டுப் பீரோவில் இருந்தது. அதில் என் கையெழுத்தும் இருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு மணிக்கூண்டுக்குப் போனேன். கயிறு பனியில் நனைந்து குளிர்ந்திருந்தது. அவர் பிடித்துப் பிடித்து வழுவழுப்பான இடம் ஒன்று இருந்தது. அங்கே பிடித்தேன்.

முதல் இழுப்பில் மணி பேசவில்லை. இரண்டாவதில் பேசியது. அவர் அடிப்பதுபோல நிதானமாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டு அடித்தேன். பன்னிரண்டு.

அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது. நான் கூண்டின் மறுபக்கச் சுவரோடு ஒட்டி நின்றேன்.

அவர் வந்தார். மெதுவாக, சுவரைத் தொட்டுத் தொட்டு வந்தார். கயிறு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். மறுபடி கயிற்றைப் பார்த்தார்.

“அடிச்சிட்டேன்” என்றார். தனக்குத்தானே. “ஸ்தோத்திரம்.”

கயிற்றைப் பிடித்து அதன் ஆட்டத்தை நிறுத்தினார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பெருக்கும் சத்தம் கேட்டது.

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். தெருவில் யாரும் இல்லை. பனிக்குள் ஒரு சமையலறை விளக்கு எரிந்தது. அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது. நாளைக்கும் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, பெனிட்டா எழும்புவதற்குள் வீட்டுக்கு நடந்தேன்.