சோறு விலக்கில் இல்லை

விரிவுரையாளர் மர்கரீத் தன் கம்பளித் தொப்பிக்குள் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டு வந்தார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க அரசும் அரசியலும் என்ற முதலாண்டு அறிமுக வகுப்பில் இருபத்திரண்டு பேர். வாரத்துக்கு இரண்டு பேராக, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பை எடுத்து வாதாட வேண்டும். ஒருவர் அரசுப் பக்கம், மற்றவர் எதிர்ப்பக்கம். யாருக்கு எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுத்தான் தீர்மானிக்கும். இருபதுக்குப் புள்ளி.

நிருபாவுக்கு வந்தது 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பயங்கரவாத அமைப்பு என்று அமெரிக்கா பட்டியலிட்ட எந்த இயக்கத்துக்கும் யாரும் உதவி செய்யக்கூடாது என்கிறது அங்குள்ள சட்டம். ஆயுதத்தை விட்டுச் சமாதானமாகப் பேசித் தீர்ப்பது எப்படி என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் குற்றமா, அப்படியானால் பேச்சுச் சுதந்திரம் என்னவாகும் என்பதே வழக்கு. குற்றம்தான் என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள், மூன்று பேர் மறுத்தார்கள். வழக்கில் பேசப்பட்ட இரண்டு இயக்கங்களில் ஒன்று இலங்கையின் விடுதலைப் புலிகள்.

நிருபாவின் சீட்டில் அரசுப் பக்கம் என்று இருந்தது. எதிர்ப்பக்கம் வனேசா.

அந்த வகுப்பில் தமிழர் என்று இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சங்கடமாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று மர்கரீத் மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு என்ன சங்கடம்?" என்றாள் நிருபா.

வகுப்பு முடிந்ததும் வனேசா நடைபாதையில் அவளை மறித்தாள். வனேசாவுடையது புதுச்சேரியிலிருந்து வந்த குடும்பம். பாட்டனார் காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை. ஒன்றாகப் படித்த ஆறு மாதத்தில் இரண்டு பேரும் பிரெஞ்சில் தவிர வேறு மொழியில் பேசிக்கொண்டதில்லை.

"என் பக்கத்தை நீ எடுத்துக்கொள். உனக்குத்தான் அது நன்றாக வரும்."

"ஏன்?"

"நீ இலங்கையில் வன்னிதானே?"

"வன்னி என்றால்?"

"அதாவது... உங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு உணர்வு இருக்கும்."

"உனக்கு எங்கள் உணர்வு தெரியுமா? பாஸ்போர்ட்டோடு பிறந்தவள் நீ. உன் சீட்டை நீ வைத்துக்கொள்."

வனேசாவின் முகம் சிவந்தது. "சரி. பிறகு என்னைக் குறை சொல்லாதே," என்றுவிட்டுப் போனாள்.

நிருபாவுக்கு உணர்வு இருந்தது. ஆனால் அது வனேசா நினைத்த திசையில் இல்லை. 2008இல் அவளுக்கு நான்கு வயது. வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் இயக்கம் ஆள் சேர்த்த காலம். பெயர் எழுதும் கொப்பியோடு வந்த இரண்டு பேர் அவளுடைய அண்ணன் தவசீலனைக் கொண்டுபோனார்கள். அவனுக்குப் பதினேழு வயது. அவன் திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் ஷெல்லடியில் அப்பாவும் போனார். அவளும் அம்மா ரதிதேவியும் பாரிசுக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஒன்பது வயது.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பேலில் ஒவ்வொரு நவம்பரும் கடைக் கண்ணாடிகளில், இறந்த புலிகளுக்கான மாவீரர் நாள் சுவரொட்டி ஒட்டுவார்கள். நிருபா தெருவின் மறுபக்கத்தால் நடப்பாள். அம்மா ஊர்க்கதை எடுத்தால், "ஐயோ, தொடங்காதேங்கோ" என்று காதில் இயர்போனைச் செருகிக்கொள்வாள். அண்ணனைக் கொண்டுபோனவர்களைப் பற்றி அவளுக்குச் சொல்ல இருந்ததை லா சப்பேலில் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் துரோகி என்பார்கள். இப்போது ஒரு வகுப்பறை, பன்னிரண்டு நிமிடம், யாரும் குறுக்கே பேச முடியாத விதி. இரண்டு வாரம் தீர்ப்பை வரிவரியாகப் படித்தாள். அந்த ஆறு நீதிபதிகளும் தனக்காகவே எழுதி வைத்ததைப் போல இருந்தது அவளுக்கு.

வியாழக்கிழமை அவள் குறிப்பைப் பார்க்காமலே பேசினாள்.

"சட்டம் கற்றுக்கொடுப்பவர் நல்லெண்ணத்தோடுதான் போவார். ஆனால் அவர் கொடுக்கும் ஒவ்வொரு உதவியும் அங்கே ஒரு கையை வேறு வேலைக்கு விடுவிக்கும். அந்தக் கை ஒரு வீட்டுக் கதவைத் தட்டும். பிள்ளை பிடிக்கிற இயக்கத்துக்கு நல்ல பக்கம், கெட்ட பக்கம் என்று இரண்டு கிடையாது. உதவி செய்தவர் தன் மனம் சுத்தம் என்று சொல்லலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு அந்தச் சுத்தம் எதற்கு?"

மர்கரீத் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வனேசா எழுந்தாள். பேச்சுச் சுதந்திரம் பற்றி ஏழெட்டு நிமிடம் தடுமாறாமல் பேசினாள். பிறகு ஒரு தாளை எடுத்தாள்.

"உதவி என்றால் என்ன என்று சட்டம் பட்டியல் போடுகிறது. எந்தப் பொருளும், எந்தச் சேவையும் உதவிதான். மருந்தும் மதப் பொருட்களும் மட்டும் விலக்கு. சோறு விலக்கில் இல்லை. இப்போது ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே, பாரிசில், ரூ காய் தெருவில் ஓர் உணவகத்தில் சமைக்கிறார். 2008இல் அவருடைய பதினேழு வயது மகனை இயக்கம் கொண்டுபோனது. அவர் பயிற்சி முகாமின் சமையற்கூடத்துக்குப் போனார். ஏழு மாதம், ஒவ்வொரு நாளும் நானூறு சோற்றுப் பார்சல் கட்டினார். வீட்டில் நான்கு வயது மகள் இருந்தாள்."

நிருபாவின் அம்மா சமைப்பது அந்தத் தெருவில்தான். அம்மாவின் அகதி வழக்குத் தாள்கள் முழுவதையும் அவள்தான் பிரெஞ்சில் வாசித்துச் சொன்னவள். அதில் சமையற்கூடம் இல்லை. பார்சல் இல்லை.

"அந்தப் பெண் நாளைக்கு அமெரிக்காவில் அடைக்கலம் கேட்டால் இதே சொற்கள்தான் அவரை வாசலில் நிறுத்தும்," என்றாள் வனேசா. "அரசுத் தரப்பு பதில் சொல்லட்டும். அவர் செய்தது குற்றமா?"

நிருபாவிடம் பதில்கள் இருந்தன. இந்தத் தீர்ப்பு அப்படியான ஒருவரைப் பற்றியது அல்ல என்று சொல்லியிருக்கலாம். கட்டாயத்தின் பேரில் செய்தது வேறு என்று சொல்லியிருக்கலாம். இரண்டையும் குறிப்பில் எழுதியே வைத்திருந்தாள். வனேசா நின்று காத்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்ததும் எல்லாம் போய், இவளிடம் தோற்கக்கூடாது என்பது மட்டும் மிஞ்சியது.

"ஆம்," என்றாள். "சட்டத்தின்படி, ஆம்."

இருபதுக்கு நிருபாவுக்குப் பதினாறு புள்ளி. வனேசாவுக்குப் பதினைந்து.

படிக்கட்டில் வனேசாவின் பையைப் பிடித்து இழுத்தாள் நிருபா. முதல் முறையாக வாயில் தமிழ் வந்தது.

"என்ரை அம்மாவிட்டைப் போய் ஆரைக் கேட்டுக் கதை புடுங்கினனீ?"

"பையை விடு. லா சப்பேல்ல விசாரிச்சுத்தான் போனேன். யூனிவர்சிட்டில உன் கூடப் படிக்கிற பொண்ணுன்னு சொன்னேன். இந்தத் தீர்ப்பப் பத்திதான் பேசப்போறேன்னும் சொன்னேன். சாப்பாடு போட்டாங்க. நான் கேட்டேன், அவங்க சொன்னாங்க. ரெண்டு மணி நேரம் சொன்னாங்க."

"அதைக் கொண்டந்து எல்லாருக்கும் முன்னாலை வைப்பியோ?"

"பேர் சொல்லலையே நான். அவங்க குத்தவாளி இல்லைன்னு நீ சொல்லுவே, நான் ஜெயிச்சிடுவேன்னு நெனச்சேன். ஆமான்னு சொன்னது நானா?"

நிருபா பையை விட்டாள்.

அவள் நேரே ரூ காய்க்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து, உணவகத்தில் கதிரைகளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பின்பக்கச் சமையலறையில் ரதிதேவி இரவுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நானூறு பார்சல் கட்டினனீங்களாம்."

ரதிதேவி நிமிர்ந்து பார்த்தாள். "முந்நூற்றைம்பது. ஆர் நானூறெண்டது?"

"அம்மா!"

"அந்தப் பிள்ளை சொல்லிப்போட்டுதோ? நல்ல பிள்ளை. மரியாதையாக் கேட்டது."

"உங்களை வெருட்டிச் செய்விச்சவையோ? அப்பிடித்தானே?"

"இல்லை. நானாத்தான் கேட்டுப் போனனான்."

"அண்ணையைப் பிடிச்சுக்கொண்டு போனவங்களுக்கோ? அவங்களுக்கே சமைச்சுக் குடுத்தனீங்கள்?"

"அவனும் அதைத்தானே திண்டவன்." வெங்காயம் வெட்டும் கை நிற்கவில்லை. "வாசல்லை நிண்டு கத்தின தாய்மாரை உள்ளுக்கு விடேல்லை. சமைக்கிற ஆக்களை விட்டவை. நான் சமைக்கிற ஆளாப் போனன்."

"கேஸிலை இது ஒண்டும் இல்லையே."

"கேஸிலை எழுதியிருந்தால் விசா தந்திருப்பாங்களோ? நீ இஞ்சை நிண்டு படிச்சிருப்பியோ?" கத்தியைக் கீழே வைத்தாள். "அங்கை வகுப்பிலை என்ன கேட்டது அந்தப் பிள்ளை?"

"நீங்கள் செய்தது குற்றமோ எண்டு கேட்டவள்."

"நீ என்ன சொன்னனீ?"

பொய் சொல்ல நிருபாவுக்கு ஒரு கணம் இருந்தது. "ஓம் எண்டு சொன்னனான்."

ரதிதேவி அழவில்லை. குரல்தான் தாழ்ந்து, கரடுமுரடாக வந்தது.

"சரி. நான் குற்றவாளியெண்டால் இருந்திட்டுப் போறன். அண்டண்டைக்கு ஒரு பார்சல் மடியிலை ஒளிச்சு வீட்டை கொண்டந்தனான். அதைத் திண்டது ஆர்? ஏழு மாசம் நீ திண்டனீ. உனக்கு அந்தச் சட்டத்திலை என்ன பேர் எண்டு பாத்துச் சொல்லு."

"அண்ணையைக் கண்டனீங்களோ அங்கை?"

"கண்டன்."

"கதைச்சவரோ? என்ன சொன்னவர்?"

"அதை உனக்குச் சொல்லமாட்டன்."

"அவளுக்குச் சொல்லியிருக்கிறியள்!"

"அவள் இருந்து கேட்டவள். நீ ஒருநாளும் கேட்டனியோ? பதினைஞ்சு வரியமா நான் வாய் திறந்தால் காதைப் பொத்துறனீ. இப்ப புள்ளி வாங்கிப்போட்டு வந்து நிக்கிறாய். போ. எனக்கு வேலை கிடக்கு."

அதன்பிறகு வில்லியே லே பெல் புறநகர் வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ரதிதேவி வழக்கத்தைவிட அரை மணி முந்திய ரயிலில் வேலைக்குப் போனாள், மகளோடு நடைமேடையில் நிற்க வேண்டி வராமல். சாப்பாடு மட்டும் அடுப்பில் மூடி இருந்தது. நிருபா அதைத் தொடாமல் வெளியில் சான்ட்விச் தின்றாள். நான்காம் நாள் பசியில் ரசத்தைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தாள். அதற்கும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணனின் குரல்கூட அவளுக்கு ஞாபகமில்லை. அவன் கடைசியாகப் பேசிய ஒன்று இந்த ஊரில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி சொல்லமாட்டேன் என்கிறாள். மற்றவளை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்பதாம் நாள் நூலகத்தில் வனேசாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அம்மா உனக்குச் சொன்னதை எழுதி வைச்சிருக்கிறியோ?"

"ஏன்? புகார் குடுக்கப் போறியா?"

"அண்ணை அம்மாவோடை என்ன கதைச்சவர் எண்டு தெரியவேணும்."

வனேசா பேனாவை மூடினாள். "உன் அம்மாவைக் கேளு."

"கேட்டனான். சொல்லமாட்டாவாம்."

"அதான் என்கிட்ட வந்தியா? பாஸ்போர்ட்டோட பொறந்தவகிட்ட?"

நிருபா திரும்பிப் போகவில்லை. வனேசா பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினாள்.

"உன் அம்மா அவன ஒரே தடவதான் நேர்ல பாத்தாங்களாம். அவன் வரிசைல வந்தான். பக்கத்துல ஆளுங்க இருந்தாங்க, அம்மான்னு கூப்பிட முடியாது. பார்சலப் பிரிச்சு ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஏதோ சொல்லிட்டுப் போயிட்டான். அவங்க சொன்னதை அப்படியே எழுதினேன், ஆனா எனக்குப் புரியல. அதனாலதான் வகுப்புல சொல்லல."

குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினாள். தமிழ் எழுதத் தெரியாதவள், பிரெஞ்சு எழுத்தில் ஒலியைப் பிடித்து எழுதியிருந்தாள். நிருபா அதை வாய்க்குள் இரண்டு தரம் வாசித்தாள்.

உப்புக் காணாது.

"காணாதுன்னா பாக்காதுதானே? உப்பு எப்படிப் பாக்கும்? தப்பா எழுதிட்டேனா?"

"தப்பில்லை. எங்கடை ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுறது. உப்புப் போதாதாம்."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

நிருபா கைப்பேசியை எடுத்து அந்த வரியைப் படம் பிடிக்கப் பார்த்தாள். முதல் இரண்டும் கலங்கலாக வந்தன. மூன்றாவது சரியாக வந்தது. வனேசா குறிப்பேட்டை மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நன்றி சொல்ல மாட்டியா?"

"மாட்டன்," என்றுவிட்டு நிருபா படியிறங்கினாள்.