கூட்டினால் எட்டு

பதிவில்லாத காரை வீதியில் இறக்க முடியாது என்பதால் மோட்டார் வாகனப் பரிசோதகர் சீவரத்தினம்தான் உடுப்பிட்டிக்கு வரவேண்டியிருந்தது. உதயகலாவின் வாகனத் திருத்தகத்தில், அவளே இரும்பு வெட்டி, ஒட்டி, மழை வெயில் பாராமல் பாடுபட்டுக் கட்டிய சின்னக் கார் நின்றது. "பொம்பிளை கட்டின கார் கோயிலடி மட்டும்கூட ஓடாது" என்று சொன்ன வாய்கள் எல்லாம் காலையிலேயே வேலிக்கு அப்பால் கூடிவிட்டன. இந்தச் சனத்துக்கு வேறு வேலை கிடையாது.

காரில் அவள் செய்யாத பெரிய சாமான் எஞ்சின்தான். அதைக் குருநகர் ஜெறோமிடம் வாங்கியிருந்தாள். புயலில் அவருடைய காரின்மேல் வேப்பமரம் விழுந்து எல்லாம் நசுங்கியபோது தப்பியது அது. ஜெறோமின் கார்ப் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் இலக்கமும் இரும்பில் அடித்திருக்கும் இலக்கமும் ஒன்றாக இருந்தால் பதிவு கிடைக்கும். இல்லையென்றால் களவு எஞ்சின் என்று பொலிசுக்கு அறிவித்துக் காரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சாட்சி சொல்ல ஜெறோமும் வந்திருந்தார்.

சீவரத்தினம் குனிந்து, துணியால் துடைத்து, டோர்ச் அடித்து ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். கடைசி இலக்கத்தில் குரல் நின்றது.

"புத்தகத்திலை ஒண்டு. இதிலை நாலு கிடக்கு."

உதயகலா எட்டிப் பார்த்தாள். நாலுதான். வாங்கிய அன்று ஜெறோமின் முகத்தை நம்பி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பார்க்காமல் விட்ட தன் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

"உது கொம்பனி அடிச்ச நாலு இல்லை, தங்கச்சி. ஆரோ வெட்டியிருக்கினம்," என்றார் சீவரத்தினம். "பெரிய குற்றம். ஆர் வெட்டினது?"

அவள் ஜெறோமின் பக்கம் பாய்ந்தாள். "களவெடுத்த எஞ்சினையோ அண்ணை என்ரை தலையிலை கட்டினனீங்கள்?"

வேலிக்கு அப்பால் யாரோ சிரித்தார்கள். ஜெறோமின் முகம் கறுத்துப்போயிற்று.

"மாதா அறிய, நான் தரேக்கை ஒண்டுதான் இருந்தது. என்ரை பிள்ளையள் ஏறித் திரிஞ்ச கார், தங்கச்சி."

சீவரத்தினம் பொலிசுக்கு அடிக்கக் கைபேசியை எடுத்தார்.

"பொறுங்கோ. நான்தான் வெட்டினனான்."

காலையிலிருந்து கிணற்றடியை விட்டு அசையாமல் நின்ற அவளுடைய அப்பா நமசிவாயம்தான் சொன்னார். அவருக்குத் தெரிந்தது வெங்காயத் தோட்டம். தெரியும் என்று அவராகவே நினைத்துக்கொண்டிருந்தது எண்சாத்திரம். மகன் லக்ஷன் செத்த பிறகு பிடித்த பைத்தியம் அது. புத்தூர்ச் சந்தியில் லொறி அடித்த அவனுடைய மோட்டார் சைக்கிளின் இலக்கம் கூட்டினால் எட்டு. அதற்குப் பிறகு எட்டு வருகிற பஸ்ஸில்கூட அவர் ஏறியதில்லை.

"எஞ்சின் இலக்கத்தைக் கூட்டிப் பாத்தன். எட்டு. ஒண்டை நாலாக்கினால் இரண்டு வருது. பிள்ளை கோயிலுக்குப் போன நேரம் உளியாலை..."

"அப்பா!" அவளுக்கு எரிச்சலில் கண் கலங்கியது.

"மகளைக் காப்பாத்தச் சொல்லுறியளோ?" சீவரத்தினம் ஒரு பழைய இரும்புத் தகட்டில் நேராக ஒரு கோடு வெட்டி நீட்டினார். "எங்கை, இதை நாலாக்குங்கோ பாப்பம்."

நமசிவாயம் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். சாய்வாக ஒரு கோடு, குறுக்கே ஒன்று. குறுக்குக்கோடு வலப்பக்கம் சரிந்து கீழே இறங்கிப்போனது. எஞ்சினிலும் அப்படியேதான் இறங்கியிருந்தது. சீவரத்தினம் மறுபடி டோர்ச் அடித்துப் பார்த்தார். நிமிர்ந்த கோடு மட்டும் ஆழம். மற்ற இரண்டும் மேலால் கீறியவை.

"கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்கவேணும். உங்களிலை வழக்கும் வரும் ஐயா."

"வரட்டும். உந்த ஜெறோம் தம்பியைக் கள்ளன் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ."

உதயகலாவுக்கு ஜெறோமின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை."

"என்னை விடு. அப்பாவைப் போய்ப் பார்," என்றார் அவர்.

அப்பா உளியைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார்.

எஞ்சின் கொழும்பு போய், நாலுக்குக் கீழே இருப்பது ஒன்றுதான் என்ற முடிவோடு திரும்பியது. நமசிவாயத்தை நீதவான் கண்டித்து விட்டுவிட்டார். தை பிறந்த பிறகு பதிவு வந்தது.

இலக்கத் தகட்டைப் பூட்டும்போதே உதயகலா மனதுக்குள் கூட்டிவிட்டாள். வீட்டுப் பழக்கம் எங்கே போகும்! எட்டு. திரும்பக் கூட்டினாள். எட்டேதான். தகட்டின்மேல் துணியைப் போட்டு மூடலாமா என்று பார்த்தால், அப்பா பின்னால் நின்றார். அவருடைய உதடுகள் அசைந்து நின்றன. முகத்தில் இரத்தமே இல்லை.

"நீங்கள் வரவேண்டாம் அப்பா," என்றாள். "நான் தனிய ஒருக்கா ஓடிப்போட்டு வாறன்."

நமசிவாயம் காரைச் சுற்றி வந்து, முன்கதவைத் திறந்து ஏறினார். பெல்ட்டை இழுத்துக் கொளுவத் தெரியாமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"லக்ஷனைத் தனியத்தான் விட்டனான்," என்றார். "எடு பிள்ளை."