சில்லு பொறுக்கின கிரவுண்டு

பாரி மலேசியாவிலிருந்து போன் பண்ணினப்போ நான் சூளையிலிருந்து பொம்மை இறக்கிக்கிட்டு இருந்தேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கிட்டுதான் பேசினேன்.

"மாமா, சித்திரையில வரேன். நம்ம கிரவுண்டுல ஒரு மேட்ச் ஆடணும். நீங்க, நானு, தென்றலு."

"வாடா. கிரவுண்டு எங்க போவப் போவுது?"

"சில்லு கெடக்குமே மாமா. ஆபரேசன் பண்ண முட்டி. விழுந்து கிழிச்சிக்கிட்டா என் பொழப்பு போச்சு. இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும் சுத்தமாப் பொறுக்கி வைங்க."

பாரி என் சம்சாரம் பூங்கோதையோட தம்பி. ஃபுட்பால்ல ஃபார்வர்டு. சென்னை லீக்கு, கோவா, மாலத்தீவு, கடைசியா மலேசியாவில் ஒரு கிளப்பு என்று போன எடமெல்லாம் கோல் போட்டவன். முதல் கோல் எனக்குத்தான் போட்டான். விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகளுக்குப் பின்னால், மூடிப்போன ஒரு கம்பெனியோட காலி எடம் கிடக்குது. உடைஞ்ச பொம்மை, கோணின குழாய் எல்லாத்தையும் அங்கேதான் கொட்டுவோம். நடுவில் மட்டும் ஒரு பட்டை கால் பட்டுத் தேய்ஞ்சிருக்கும். அதுதான் கிரவுண்டு. நான் கோலில் நிற்பேன். அடிக்கிறதுக்கு முன்னாடி அவன் என் வலது பக்கம் ஒரு பார்வை பார்ப்பான். நான் அங்கே பாய்வேன், பந்து இடது பக்கம் போயிருக்கும். எத்தனை வாட்டி ஏமாந்தாலும் அடுத்த வாட்டியும் அவன் கண்ணைத்தான் நம்புவேன்.

இப்போ அந்தப் பட்டையில் என் மகள் தென்றல் ஆடுறாள். பதினொண்ணாவது படிக்கிறாள், அவளும் ஃபார்வர்டு. வேற எங்கே போனாலும் ஆம்பளைப் பசங்க ஸ்டம்பு நட்டு வச்சிருக்கானுங்க, இவளை விடுறதில்லை. இந்த எடம் போச்சுன்னா அவள் ஆட்டம் போச்சு. செத்துப்போன முதலாளியோட வாரிசுங்க எடத்தை விக்கப் பாக்குறாங்கன்னு அப்பப்போ பேச்சு வரும். அதையும் பாரிகிட்ட சொல்லியிருந்தேன். "நான் வந்து ஒரு மேட்ச் ஆடினா நாலு பேரு பாப்பாங்க. புள்ளைங்களுக்கே விட்டுடச் சொல்லி நான் பேசுறேன் மாமா" என்றான்.

அதனால் பொறுக்கினோம். ஷிப்டு முடிஞ்சதும் மண் அள்ளுற பாண்டு ஆளுக்கொண்ணு எடுத்துக்கிட்டு வந்துடுவோம். மேலே கிடக்கிற சில்லை அள்ளினா, தண்ணி தெளிச்சதும் அடியிலிருந்து இன்னொரு வரிசை பல்லைக் காட்டும். கடைசியில் கம்பெனியில் களிமண் சலிக்கிற பெரிய சல்லடையையே கேட்டு வாங்கிக்கிட்டு வந்து மேல் மண்ணைச் சலிச்சுப் போட்டோம்.

"உன் மச்சான் பந்து ஆட வரானா, அங்கப்பிரதட்சணம் பண்ண வரானா?" என்றான் கூட வேலை செய்யிற விருத்தகிரி. சிரிச்சுக்கிட்டே அவனும் சலிச்சான். பூங்கோதை ஒரு பொம்மைக் கையை எடுத்து ஊதிப் பார்த்து, "இது நான் பெயின்டு அடிச்சது" என்று முந்தானையில் முடிஞ்சிக்கிட்டாள். எல்லாம் சலிச்சு முடிச்சப்போ கிரவுண்டு மாவு மாதிரி இருந்துச்சு. தென்றல் செருப்பைக் கழட்டி எறிஞ்சிட்டு வெறுங்காலோட ஓரத்துக்கு ஓரம் ஓடினாள்.

அவன் வந்த அன்னைக்குக் காலையிலேயே பந்தல் போட்டிருந்தாங்க. மேட்ச்சுக்குத்தான்னு நெனச்சேன். தென்றல் பூட்ஸ் மாட்டிக்கிட்டு, பந்தும் கையுமா என் கூட வந்தாள். பந்தல் வாசலில் பெரிய பேனர். நான் எழுத்துக் கூட்டிக்கிட்டு இருந்தேன். "பா... ரி... ந..." முடிக்கிறதுக்குள்ளே அவள் முகம் மாறிடுச்சு.

பாரி நகர். வீட்டு மனைகள் விற்பனைக்கு.

பாரி வெள்ளைச் சட்டை, பளபளன்னு ஷூவோட காரிலிருந்து இறங்கினான். பக்கத்தில், வாரிசுங்ககிட்டேருந்து எடத்தை வாங்கி மனை போட்ட புரமோட்டர் ராஜ்மோகன். பாரி நேரா வந்து என் தோளைப் பிடிச்சுக்கிட்டான்.

"கிளப்புல இனிமே வேணாம்னுட்டாங்க மாமா. முப்பத்தி மூணு வயசு, முட்டி போயிடுச்சு. கோல் போடாத ஃபார்வர்டை எவன் கூப்புடுவான்? என் பேரு நாலு பேருக்குத் தெரியறப்பவே எதனா பண்ணிக்கணும். உங்களுக்கு மூலை மனை ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன்."

"பொறுக்கச் சொன்னப்பவே இது தெரியுமாடா உனக்கு?"

அவன் தென்றலைப் பார்த்தான். பதிலை எனக்குச் சொன்னான். "கூலி ஆளை விட்டா இவ்ளோ சுத்தமா வராது மாமா."

தென்றல் பந்தை அவன் காலடியில் வச்சாள். "ஒரு பெனால்டியாவது அடிங்க மாமா. அப்பா கோல்ல நிக்கும்."

"இந்த ஷூவோடயாம்மா?" என்று சிரிச்சான். ராஜ்மோகன் கூப்பிட்டார், ரிப்பன் வெட்டப் போயிட்டான்.

மேட்ச் பாக்க வந்திருந்த விருத்தகிரி அப்படியே தரையில் உக்காந்துட்டான். "எடம் பாக்க வந்தவனெல்லாம் செருப்புல சில்லு ஏறினதும் காரத் திருப்பிக்கிட்டுப் போனானுங்கடா. அதனாலதான் இத்தினி வருசமா விக்கல. நாமளே சலிச்சிக் குடுத்துட்டோம்."

தம்பிக்குன்னு வச்ச கோழிக் குழம்பைப் பூங்கோதை பக்கத்து வூடுங்களுக்குக் கொடுத்தாள். தென்றல் பூட்ஸை ஆணியில் மாட்டினாள். அதுக்கப்புறம் பூட்ஸைத் தொடவே இல்லை.

அடுத்த வாரம் சூளையில் ஒரு சுற்றுக்கு வச்ச பொம்மை எல்லாம் வெடிச்சுப் போச்சு. "அங்க கொட்டக் கூடாதாம், மனை போட்டாச்சாம்" என்றார் சூப்பர்வைசர். வேற எங்கே கொட்டறதுன்னு அவரும் சொல்லலை. வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போனேன். கோல் இருந்த எடத்தில் நம்பர் போட்ட கல்லு நின்னுச்சு. இங்கே கொட்டினா என் மகளும் இனிமே ஆட முடியாது. தெரிஞ்சுதான் வண்டியைக் கவுத்தேன். சம்மட்டியால் பொடிச்சு, காலால் மிதிச்சு மண்ணுக்குள்ளே இறக்கினேன்.

மறுநாள் பாரி போன் பண்ணினான்.

"மாமா, எவனோ மனையில சில்லைக் கொட்டிட்டுப் போயிருக்கான். நாளைக்கு ஆளுங்க பாக்க வராங்க. நம்ம ஆளுங்களை வச்சு இன்னொரு வாட்டி..."

"நான்தான்டா கொட்டினேன்" என்றேன்.

போனைச் சட்டைப் பையில் போட்டுட்டு அடுத்த வண்டியைத் தள்ளினேன்.