மாறாத முப்பது

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவில் எட்டுத் தெரு அகலத்துக்கு மணல். அந்த மணலின் மேல்தான் நகரம் உட்கார்ந்திருந்தது. பெருநிலத்தின் மேல் விழவேண்டிய அலையடியை முதலில் வாங்கிக்கொள்வதற்காக இயற்கை குவித்து வைத்த திட்டு அது. அடி வாங்கவே பிறந்த இடத்தைப் பார்த்து "ஆகா, என்ன காற்று!" என்று மனிதர்கள் பாலம் போட்டு வந்து வீடு கட்டினார்கள். நகராட்சி அலுவலகமும் பூங்காவும் கட்டினார்கள். பூங்காவுக்கு முன்னால் 'மணல் எடுப்பது தண்டனைக்குரியது' என்று ஒரு பலகையும் வைத்தார்கள். கடலுக்குப் படிப்பு வாசனை இல்லாததால் அது தன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டிருந்தது.

தெருக்களுக்குக் கடல் பக்கத்திலிருந்து எண் கொடுத்திருந்தார்கள். முதல் தெருவில் இப்போது மீன்கள் குடியிருந்தன. இரண்டாம் தெருவில் கடல் உள்வாங்கும்போது நாலைந்து அஸ்திவாரக் கற்கள் தலைகாட்டும். நகராட்சி இதை மறைக்கவில்லை. இரண்டு தெருக்களும் 'தற்காலிகமாகப் பயன்பாட்டில் இல்லை' என்று கோப்பில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தது. ஆனால் கடற்கரை குறையவில்லை. அதன் அகலம் இருபது வருஷமாக முப்பது மீட்டர்தான்.

அந்த முப்பதைக் காப்பாற்றி வந்தவர் நகராட்சி அளவர். ஊரே அவரை 'முப்பது' என்றுதான் கூப்பிட்டது. வயது ஐம்பத்து மூன்று. தோளில் நாடாவும் சட்டைப்பையில் பித்தளை முத்திரையும் இல்லாமல் கடைக்குக்கூடப் போகமாட்டார். விதிப்புத்தகம் முழுவதும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நாலாம் விதி: புயல் காலம் முடிந்ததும், உயர் அலைக்கோட்டிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி அளவுக்கம்பம் நட வேண்டும். ஐந்தாம் விதி: நட்ட கம்பத்திலிருந்து அலைக்கோடு வரை அளந்து, வந்த எண்ணைக் கடற்கரையின் அகலமாகப் பதிய வேண்டும்.

ஒவ்வொரு வருஷமும் புயல் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு வருஷமும் அவர் அலையிலிருந்து முப்பது மீட்டர் அளந்து புதுக் கம்பம் நடுவார். பிறகு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கம்பத்திலிருந்து அலை வரைக்கும் அளப்பார். முப்பது வரும். வராமல் என்ன செய்யும்? அவர் சந்தோஷமாகப் பதிவேட்டில் எழுதி முத்திரை குத்துவார். இதில் பொய் ஒரு துளி கிடையாது. கடல் நெருங்கி வருவது அவர் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனால் கண் நகராட்சி அங்கீகரித்த கருவி இல்லையே.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர் கடலில் போகிறதையே அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய அக்கா மூன்றாம் தெருவில் இருந்தாள். தையற்காரி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கணவன் இறந்ததும், கையிலிருந்ததையெல்லாம் போட்டு அவள் வீடு வாங்கப் போனபோது, காயல் பக்கம் ஏழாம் தெருவில் ஒன்றும் கடல் பக்கம் மூன்றாம் தெருவில் ஒன்றும் விலைக்கு வந்தன. "மூணாம் தெருவையே வாங்குக்கா. நான் அளக்கிற கடற்கரை. ஒரு அடி அசையாது" என்று சொன்னது தம்பிதான். அப்போது அவள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு முழுத் தெரு இருந்தது, அதில் ஒரு சலூனும் இருந்தது.

காயல் பக்க மேட்டில் நகராட்சி பன்னிரண்டு மாற்று வீடுகளைக் கட்டி முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடற்கரை குறைந்ததால் ஆபத்தில் இருப்பவர்களுக்கு என்று கட்டியவை. கடற்கரை குறையாததால் ஆபத்தில் யாரும் இல்லை. ஆகவே பன்னிரண்டு வீடுகளையும் பூட்டி, ஆள் இல்லாத வீட்டுக்குள் ஆள் நுழைந்துவிடாமல் பார்க்க ஒரு காவலாளியைப் போட்டிருந்தார்கள்.

இந்த வருஷப் புயல் மூன்றாம் தெருவின் பின்மதில்களை வாரிக்கொண்டு போனது. கம்பமும் போனது. மறுவாரம் அளவர் நாடாவோடு வந்தார். உதவியாள் பணியிடம் ஒன்பது வருஷமாகக் காலி என்பதால், நாடாவின் மறுமுனையைப் பிடிக்க அக்காவைக் கூப்பிட்டார்.

"நான் அலைக்கிட்ட நிக்கிறேன். நீ நாடாவைப் பிடிச்சிக்கிட்டு வீட்டுப் பக்கமா போ. முப்பது வந்ததும் நில்லு."

அக்கா போனாள். பின்கதவுப் படி வந்தது. "பத்தொன்பதுதான்டா வருது!"

"உள்ள போ!"

சமையலறையைத் தாண்டினாள். கூடத்தைத் தாண்டினாள். முன்னறையில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று கத்தினாள். "முப்பது!"

அளவர் ஈரக்காலோடு வீட்டுக்குள் வந்து பார்த்தார். முப்பதாவது மீட்டர் மெஷினின் மிதிபலகைக்கு அடியில் விழுந்திருந்தது. மேலே யாரோ ஒருத்தியின் ரவிக்கை, கை வைத்துத் தைக்காமல் பாதியில் கிடந்தது.

"கம்பம் இங்கதான் நடணும்போல" என்றார்.

"மெஷினை நகத்தட்டுமா?" என்றாள் அக்கா. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தம்பியின் முகத்தில்தான் இருபது வருஷமும் ஒன்றாக ஏறி நின்றது.

அவர் நேரே நகராட்சித் தலைவரிடம் போனார். தலைவர் வெள்ளிக்கிழமை விழாவுக்கான பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். 'மாறாத கடற்கரை, மாறாத சேவை' என்ற தலைப்பில் அளவருக்குக் கேடயம் கொடுக்கிற விழா.

"வீட்டுக்குள்ள எவனாவது கம்பம் நடுவானாய்யா? வெளிய நடு."

"வெளிய நட்டா பத்தொன்பதுதான் சார் வருது."

"அப்ப தண்ணி உள்வாங்குற நேரமாப் பாத்து அள. கடல் என்ன உனக்காக நிக்குதா? போயிட்டு வர்ற சாமான்தானே?"

"சார், அது எங்க அக்கா வீடு. பத்தொன்பதுன்னு எழுதினா மாற்று வீடு கிடைக்கும்."

தலைவர் பேச்சுத்தாளைக் கீழே வைத்தார். "எழுது. இருபது வருஷமா முப்பது, திடீர்னு பத்தொன்பதுன்னா ஒரே புயல்ல போனதுன்னு ஆகும். ஒரு புயல்ல போனது ஒரு புயல்ல திரும்பி வரும்னு மேலிடத்துல சொல்லிடுவாங்க. வருஷா வருஷம் குறைஞ்சதுக்குக் கணக்கு இருந்தாத்தான் வீடு. இருக்கா உன்கிட்ட? இன்னொண்ணு. விதிப்படி கம்பத்தை மெஷின்கிட்ட நட்டா, கம்பத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் கடற்கரை. கடற்கரையில சமையலறை கட்டினது ஆக்கிரமிப்பு. உங்க அக்காவுக்கு நோட்டீஸ் நான் அனுப்பட்டுமா, நீயே கொண்டுபோய்க் குடுத்துடறியா?"

அளவர் எழுந்து வந்தார். விதிப்புத்தகத்தை மனதுக்குள் முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். அக்காவைக் காப்பாற்ற அதில் ஒரு வரி இல்லை. அவளை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தது தன் வாய்தான் என்ற நினைப்பு வந்தபோது, பாலத்தடியில் நின்று கொஞ்சம் அழுதார். நடுப்பகலில், சீருடையில், நாலு பேர் பார்க்க. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கண்ணில் மணல் விழுந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள். அந்த ஊரில் அது சகஜம்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "நான் அளந்ததே தப்புக்கா. நட்டுட்டு அளந்தேன். அளந்துட்டு நட்டிருக்கணும். என் பேச்சைக் கேட்டுத்தானே நீ இங்க வந்தே."

அக்கா ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். ஊசியை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"தெரியும்டா. துணியை வெட்டிட்டு அப்புறம் ஆளை அளந்தா சட்டை எப்படி உருப்படும்?"

"தெரியுமா?"

அவள் சமையலறைக்குப் போய்ப் பின்கதவைச் சாத்தினாள். கதவின் உள்பக்கம் எப்போதும் ஒரு பழைய புடவைத் துணி தொங்கும். அதை விலக்கினாள். மரத்தில் கத்தரிக்கோல் முனையால் கீறிய எண்கள் மேலிருந்து கீழாக இறங்கின. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி. முதலில் இருநூற்றுப் பதினாலு. அப்புறம் நூற்றுத் தொண்ணூற்றேழு. நூற்று அறுபது. நூற்று முப்பத்தெட்டு. அப்படியே இறங்கி, கடைசியாகப் போன வாரத் தேதியில் இருபத்தேழு.

"படியில இருந்து அலைக்கோடு வரைக்கும் எத்தனை எட்டுன்னு. வருஷா வருஷம் புயல் முடிஞ்சதும் எண்ணுவேன். என் எட்டு ஒரே அளவுதான், சந்தேகம்னா நாடா வச்சுப் பாரு."

அளவர் அந்த எண்களைத் தடவிப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் ஒரே கத்தரிக்கோல், ஒரே ஆழம். "ஏன்க்கா என்கிட்ட சொல்லலை?"

"மூணு தடவை சொல்ல வந்தேன். முதல் தடவை நீ பதவி உயர்வுன்னு இனிப்போட வந்தே. ரெண்டாவது தடவை உன் போட்டோ பேப்பர்ல வந்துச்சு, வெட்டி எடுத்துட்டு வந்தே. மூணாவது தடவை உன் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில இருந்தா. வேலை போயிடுச்சுன்னா என்ன பண்ணுவே நீ? உனக்கு அளக்கிறதைத் தவிர என்ன தெரியும்? அதுவும் சரியாத் தெரியலை." இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். ஆனால் விதிப்புத்தகத்தையே கரைத்துக் குடித்த மனிதருக்கு அந்த நேரத்திலும் ஒன்பதாம் விதி ஞாபகம் வந்தது: அளவரின் முத்திரையும் தேதியும் உள்ள எதுவும் அளவுப் பதிவாகவே கொள்ளப்படும். 'எதுவும்' என்றுதான் இருந்தது. காகிதம் என்று இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. தலைவர் 'மாறாத' என்ற சொல்லை ஏழாவது முறை சொல்லிக்கொண்டிருந்தபோது, அளவர் ஒரு கதவைத் தள்ளுவண்டியில் வைத்து நடுவழியே உருட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அக்கா கைப்பையோடு வந்தாள்.

"என்னய்யா இது?" என்றார் தலைவர், ஒலிபெருக்கியிலேயே.

"பதிவேடு சார்."

மண்டபம் சிரித்தது. அவர் கதவை மேடையில் சாய்த்து வைத்தார். சட்டைப்பையிலிருந்து பித்தளை முத்திரையை எடுத்து, எல்லார் கண் முன்னாலும் பன்னிரண்டு எண்களுக்குப் பக்கத்திலும் பன்னிரண்டு முறை குத்தினார். பிறகு எண்களை மேலிருந்து கீழாகச் சத்தமாக வாசித்தார். நூற்றைத் தாண்டிக் கீழே வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஐம்பதுக்குக் கீழே வந்தபோது மூன்றாம் தெருக்காரர்கள் எழுந்து நின்றார்கள். இருபத்தேழில், அவர்களில் கடைசி வீட்டுக்காரர் மட்டும் வெளியே ஓடினார், தன் வீட்டுப் படியிலிருந்து எண்ணிப் பார்க்க.

"நான் இருபது வருஷமா நட்டுட்டு அளந்தேன். அது என் தப்பு. இது எங்க அக்கா அளந்தது. இதுதான் சரி" என்றார் அளவர். கேடயம் மேசையிலேயே இருந்தது.

பதிவறை அம்மாள் கதவைச் சுற்றி வந்து பார்த்தாள். முத்திரை இருந்தது, தேதி இருந்தது. வாங்கமாட்டேன் என்று சொல்ல விதி இல்லை. வரவுப் புத்தகத்தில் 'கதவு ஒன்று, மரம், கீல் நீங்கலாக' என்று எழுதிக்கொண்டாள்.

கோப்பு மூன்றே வாரத்தில் நகர்ந்தது. கதவால் நகர்ந்ததா, கடைசி வீட்டுக்காரர் தலைவரின் மச்சான் என்பதால் நகர்ந்ததா என்பதில் ஊரில் இரண்டு கட்சி உண்டு. மூன்றாம் தெருவில் வீடு பன்னிரண்டு, மேட்டிலும் பன்னிரண்டு. காவலாளியின் வேலை மட்டும் போய்விட்டது. அளவருக்குக் கேடயத்துக்குப் பதில் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, கூடவே தெருவிளக்கு எண்ணும் பிரிவுக்கு மாற்றல் உத்தரவும். விளக்குகள் இடம் மாறுவதில்லை என்பதால் அங்கே அவரால் ஆபத்தில்லை என்று கருதினார்கள்.

அக்கா புது வீட்டுக்குப் போவதற்கு முன் கதவைத் திரும்பக் கேட்டாள். நல்ல மரம், பழைய ராசி. 'ஆவணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று பதிவறை அம்மாள் எழுதிக்கொடுத்தாள்.

குடிபோன அன்று தம்பி மெஷினை இறக்கிவைத்துவிட்டு, பின்வாசலில் நின்று காயலைப் பார்த்தார். தண்ணீர் தூரத்தில் சாதுவாகக் கிடந்தது.

"இங்க பயமே இல்லக்கா" என்றார் பழக்கதோஷத்தில். சொன்னதும் வாயை மூடிக்கொண்டார்.

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "நாடாவை உள்ள வச்சுட்டு வா."

இருவரும் பின்படியில் ஒன்றாகக் காலை வைத்து, மனதுக்குள் எட்டுகளை எண்ணிக்கொண்டே தண்ணீர் வரைக்கும் நடந்தார்கள். அவருக்கு முந்நூற்று நாற்பது வந்தது. அவளுக்கு முந்நூற்று ஐம்பத்திரண்டு.

"என் எட்டு கொஞ்சம் பெருசுக்கா."

"இருக்கும்" என்றாள். திரும்பி வந்து புதுக்கதவின் உள்பக்கத்தில் கத்தரிக்கோலால் முந்நூற்று ஐம்பத்திரண்டு என்று கீறினாள். தேதி போட்டாள். அவர் கை தானாகச் சட்டைப்பையில் முத்திரையைத் தேடியது. அதை மாற்றல் உத்தரவோடு வாங்கிக்கொண்டுவிட்டார்கள் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"வேணாம் விடு" என்றாள் அக்கா. "அடுத்த வருஷம் வந்து கூட எண்ணு, போதும்."